டிசம்பர் முதல் வார மழை: முன்னறிவிப்பில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கும் நாட்களில் தமிழ்நாட்டுச் செய்தி சேனல்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடும்: 'வங்கக் கடலில் புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி'. புயலாகுமா என்ற கேள்வி உடனே கிளம்பிவிடும். வியாழக்கிழமை சென்னை என்பார்கள், வெள்ளிக்கிழமை கடலூர் என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பளிச்சென்று வெயில் அடிக்கும். அப்புறம் 'சொன்னது எதுவும் நடக்கலை' என்ற பேச்சுதான் மிச்சம்.

முன்னறிவிப்பு தவறுவது உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு வேறு இடத்தில் இருந்து வருகிறது. ஒரு வார அறிவிப்பில் பல தகவல்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தரம் அல்ல. அவற்றில் நாம் முதலில் தேடுகிற 'புயலாகுமா?' என்பதுதான், நிலத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் குறைவாகப் பயன்படுவது. ஏன் என்று பார்க்க அடிப்படையில் இருந்து வர வேண்டும்.

இந்த வாரங்களில் மழை எப்படி வருகிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்த மூன்று மாதங்களில் தமிழ்நாட்டின் சராசரி மழை சுமார் 44 செ.மீ., அதாவது ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி. கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேல். மாதவாரியாகப் பார்த்தால் டிசம்பரின் பங்கு நவம்பரின் பங்கில் பாதி அளவுதான். 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்ற பழமொழி இந்தச் சராசரியைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

சராசரி மறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. டிசம்பர் மழை நாளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து வருவதில்லை. பத்து நாள் சும்மா இருக்கும், இரண்டே நாளில் கொட்டித் தீர்க்கும். ஆசிய நிலப்பரப்பில் இருந்து வரும் வடகிழக்குக் காற்று புறப்படும்போது உலர்ந்ததுதான். வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது. ஈரம் இருந்தால் மட்டும் மழை வந்துவிடாது. அந்தக் காற்றை ஓரிடத்தில் குவித்து மேலே தூக்க ஏதாவது வேண்டும். டிசம்பரில் மழை மேகங்களின் பெரும்பட்டை தெற்கே, இலங்கைக்கும் கீழே, நிலநடுக்கோட்டை நோக்கி இறங்கிவிடுகிறது. அங்கிருந்து ஒரு சுழற்சியோ, கிழக்குத் திசைக் காற்றில் ஓர் அலையோ கரைப்பக்கம் வந்தால் நமக்கு மழை. வராவிட்டால் பனியும் வெயிலும்தான்.

ஆக, 'வரும் வாரம் எப்படி?' என்பதை உடைத்தால் மூன்று கேள்விகள்: அப்படி ஒரு சுழற்சி இருக்கிறதா, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு மெதுவாகப் போகிறது. மூன்றாவது கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை.

படிநிலைகள்: எதை அளந்து பெயர் வைக்கிறார்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் படிகள், கீழிருந்து மேலாக:

1. மேலடுக்கு அல்லது கீழடுக்குச் சுழற்சி: வளிமண்டலத்தில் காற்று சுழல்கிறது, கடல்மட்டத்தில் அழுத்தம் இன்னும் தெளிவாகக் குறையவில்லை.
2. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி: அழுத்தம் குறைந்துவிட்டது, காற்று மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழ்.
3. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 31 முதல் 50 கி.மீ.
4. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 51 முதல் 62 கி.மீ.
5. புயல்: 63 முதல் 88 கி.மீ. பெயர் சூட்டுவது இந்தப் படியில்தான்.
6. தீவிரப் புயலும் அதற்கு மேலும்: 89 கி.மீ. முதல்.

'பகுதி' என்றால் வலுக்குறைவு, 'மண்டலம்' என்றால் ஒரு படி மேல். செய்தி வாசிப்பவர்களே இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வது வாடிக்கை.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். முழுக்கக் காற்றின் வேகம். மழையின் அளவு எங்கும் இல்லை. 62-ல் இருந்து 63-க்குக் காற்று ஏறினால் ஒரு பெயர் கிடைக்கும், தலைப்புச் செய்தி கிடைக்கும். விழப்போகும் மழை அதனால் ஒரு மில்லிமீட்டர்கூட மாற வேண்டிய அவசியம் இல்லை.

பெயருக்கும் வெள்ளத்துக்கும் உள்ள தூரம்

கடந்த பத்தாண்டுகளின் பெரிய டிசம்பர்களை வரிசையாக வைத்தால் இது விளங்கும்.

1. சென்னை, 2015. டிசம்பர் 1 அன்று பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரை மீறி நகரம் மூழ்கியது. அந்த மழைக்குப் பெயரே கிடையாது, ஏனென்றால் அது புயல் அல்ல.

2. சென்னை, 2016. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்தின் மேலேயே கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழையோ சராசரியைவிட 62 சதவீதம் குறைவு. தலைநகரத்தைப் புயல் நேரடியாகத் தாக்கிய ஆண்டும், மாநிலம் வறட்சியில் தவித்த ஆண்டும் ஒன்றுதான்.

3. தென்மாவட்டங்கள், 2023. டிசம்பர் 17 அன்று, மார்கழி முதல் நாள், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் மழை ஆரம்பித்தது. மறுநாள் காலை அளந்தபோது சுமார் 95 செ.மீ. அந்த ஊர் ஓராண்டில் பார்க்கும் மழையைவிட அதிகம், ஒரே நாளில். தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளுடன் நின்றுபோனது. காரணம் குமரிக்கடல் பக்கம் இருந்த ஒரு சுழற்சி: பட்டியலின் முதல் படி, அடிமட்டம்.

4. விழுப்புரம், 2024. ஃபெஞ்சல் விஷயத்தில் முதலில் புயலாகும் என்றார்கள். நவம்பர் 28-ல் ஆகாது, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். 29-ல் புயலாகிவிட்டது. இந்த ஆகும், ஆகாது விவாதத்தில் மூன்று நாள் போனது. 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மயிலத்தில் 51 செ.மீ. கரை கடந்து வலுவிழந்த பிறகும் ஆட்டம் முடியவில்லை. உள்ளே போய்க் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு குடும்பமே புதைந்தது. சாத்தனூர் அணையில் இருந்து 1.6 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை ஊர்களை மூழ்கடித்தது. கடலில் இருந்து நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்த ஊத்தங்கரைக்காரர்களில் எத்தனை பேர் அந்த வாரப் புயல் செய்தியைத் தங்கள் ஊர்ச் செய்தியாக எடுத்திருப்பார்கள்?

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டிட்வா, காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் சாதாரணப் புயல். மத்திய மலைநாட்டில் பெய்த மழையும் மண்சரிவும் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கின.

காற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கடந்த கஜா, டெல்டாவின் தென்னந்தோப்புகளை அழித்தது மழையால் அல்ல, காற்றால். அது வேகமாக வந்து வேகமாகப் போன புயல். மீனவர்களுக்கு இந்தப் படிநிலைகள் உயிர்ப் பிரச்சினை. 2017-ல் ஒக்கி, தாழ்வு மண்டலமாக இருந்து ஒரே நாளுக்குள் புயலாகியது. கன்னியாகுமரி, கேரளப் படகுகள் அப்போது ஆழ்கடலில் இருந்தன. பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள் நாளைய நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட முடியாது. அவர்களுக்கு ஐந்தாம் நாள், ஏழாம் நாள் கணிப்பே முதல் கணிப்பு. நிலத்தில் இருக்கும் நமக்குத்தான் பட்டியலில் எத்தனையாவது படி என்பதைவிட மற்ற இரண்டு கேள்விகள் முக்கியம்.

எந்தப் பக்கம் மழை, எவ்வளவு நேரம்

நம் பகுதியில் தாழ்வு என்றால் காற்று அதைச் சுற்றி இடஞ்சுழியாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். வங்கக் கடலில் இருந்து மேற்கே நகர்ந்து கரையை நெருங்கும் ஒரு தாழ்வின் வடக்குப் பக்கத்தில் காற்று கடலில் இருந்து நிலத்துக்கு வீசும், ஈரத்தோடு. தெற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து கடலுக்கு, உலர்ந்து. அதனால் கடலூரில் கரை கடக்கும் தாழ்வு செங்கல்பட்டை நனைத்துவிட்டு நாகப்பட்டினத்தை ஏமாற்றலாம். மையம் எங்கே என்று வரைபடத்தில் தேடுவதைவிட, நம் ஊர் மையத்துக்கு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று பார்ப்பது பலன் தரும்.

விதிவிலக்கும் உண்டு. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் தமிழ்நாட்டில் கரையே கடக்கவில்லை; 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கடந்தது. அதற்கு முன்பு சென்னைக்குக் கிழக்கே கடலில் மெதுவாக ஊர்ந்தபோது அதன் மேற்குப் பக்க மேகங்கள் நகரத்தின் மேல் நின்றுவிட்டன. பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் படகு விட வேண்டியதாயிற்று.

இங்கேதான் வேகம் வருகிறது. ஆற்றில் விட்ட தக்கை போல, ஒரு தாழ்வு தானாக நகர்வதில்லை. சுற்றிலும் மேலேயும் ஓடும் பெருங்காற்று அதைத் தள்ளுகிறது. வடக்கே உயர் அழுத்தம் வலுவாக இருந்தால் மேற்கே சீக்கிரம் தள்ளிவிடும். எதிர்த்திசையில் வேறொரு காற்று வந்தால் இரண்டுக்கும் நடுவே சிக்கி நிற்கும். 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து வந்து மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரைப்பக்கம், ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் கிடந்தது. வலுவிழந்துதான் கிடந்தது. ஆனால் மழை கொட்டியது வடக்கே, சிதம்பரம், கொள்ளிடம் பகுதியில். அறிவிப்பில் 'நகராமல் நிலைகொண்டுள்ளது', 'மெதுவாக நகரும்' என்ற சொற்களைக் கண்டால் அதைத்தான் தலைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: வடக்கே ஏறி ஆந்திரம், ஒடிசா போகும் புயல் தமிழ்நாட்டின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதன் பின்னால் உலர்ந்த வடமேற்குக் காற்று நுழைந்து நாலைந்து நாள் மழையே இருக்காது. கடலில் புயல், இங்கே வறண்ட வானம் என்ற விசித்திரம் இப்படித்தான்.

ஏழு நாள் கணிப்பு ஒரே துண்டு அல்ல

கணினி மாதிரிகள் எதிர்காலத்தை ஒரே தடவை கணக்கிட்டு விட்டுவிடுவதில்லை. ஆரம்ப நிலையைச் சின்னச் சின்னதாக மாற்றிப் பல தடவை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் ஒரு வேளைக்கு 50 ஓட்டங்களுக்கு மேல். எல்லா ஓட்டங்களின் பாதைக் கோடுகளும் ஒன்றாக ஓடினால் நம்பிக்கை அதிகம். பாதி ஆந்திரத்துக்கும் பாதி டெல்டாவுக்கும் போனால் யாருக்கும் இன்னும் தெரியாது என்று பொருள். இந்த விரிதலைக் காட்டாமல் ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, பத்து நாள் கழித்து இன்ன ஊரில் 30 செ.மீ. என்று பரவும் வாட்ஸ்அப் படங்கள் வேடிக்கைக்குச் சரி, வேறு எதற்கும் உதவாது.

நடைமுறையில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

1. அடுத்த சில மணி நேரம்: ரேடார்தான் ராஜா. சென்னை, காரைக்கால் ரேடார்கள் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டிவிடும். தெரு அளவில் பேச முடிவது இந்த நேரத்துக்கு மட்டும்தான்.
2. முதல் இரண்டு, மூன்று நாள்: மாவட்ட அளவில் நம்பலாம். புயலின் மையத்தை ஒரு நாள் முன்பு சொல்லும்போதே சராசரிப் பிழை 70, 80 கி.மீ. அளவில் இருக்கும், மூன்று நாள் முன்பு என்றால் அதைப்போல இரு மடங்கு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே சுமார் 150 கி.மீ.தான். மூன்று நாள் முன்பு சொன்ன ஊர் மாறிப்போவது தவறு என்பதைவிட, அந்தக் கருவியின் எல்லை.
3. நான்கு, ஐந்தாம் நாள்: வட கடலோரமா, டெல்டாவா, தென் மாவட்டமா என்ற அளவில்.
4. ஆறு, ஏழாம் நாள்: மழை வாரமா, வறண்ட வாரமா என்பது மட்டும். அதற்கு அப்பால் பார்க்க விரும்புவோருக்கு வானிலைத் துறை வியாழன்தோறும் நீண்ட கால நோக்கு ஒன்றை வெளியிடுகிறது. அது இரண்டு வாரங்களுக்கும் மேல் போகும்.

சரி, லா நினா, அதாவது பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் நிலை? அது வாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, பருவத்தைப் பற்றிச் சொல்வதும் அரைகுறை. லா நினா ஆண்டில் வடகிழக்குப் பருவமழை குறையும் என்பது பொதுவான போக்கு. 2016-ல் அப்படியே நடந்தது. 2021-ம் லா நினாதான். சராசரியைவிட 59 சதவீதம் அதிகம் பெய்தது. வாரக் கணக்குக்கு அதைவிட உதவுவது மேடன்-ஜூலியன் அலைவு. நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கில் இருந்து கிழக்காக 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றிவரும் மேகக் கூட்டம் அது. இந்தியப் பெருங்கடல் பக்கம் வந்திருந்தால் வங்கக் கடலில் தாழ்வுகள் பிறக்க வாய்ப்பு கூடும்.

'ஓரிரு இடங்களில் மிக கனமழை' என்றால்

இந்த வாக்கியத்தில் இரண்டு தனித்தனி அளவுகள் இருக்கின்றன. ஒன்று பரப்பு: ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை, பெரும்பாலான இடங்கள் என்றால் முக்கால்பங்குக்கு மேல். மற்றது அளவு: கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20, அதி கனமழை 20-ஐத் தாண்டினால். ஆக 'ஓரிரு இடங்களில் மிக கனமழை' என்ற நாளில், மாவட்டத்தில் நாலில் மூன்று பங்கு ஊர்களில் அந்த அளவு பெய்யாவிட்டாலும் அறிவிப்பு பலித்ததாகவே கணக்கு.

20 செ.மீ. என்பது எவ்வளவு தண்ணீர்? ஒரு கிரவுண்டு மனை மேல் மட்டும் சுமார் 44,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட நாலு லோடு.

எச்சரிக்கை வண்ணங்களும் மழை அளவின் வேறு பெயர் அல்ல. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. நிர்வாகத்துக்கான சமிக்ஞை அது. 

மழை கணக்கிடும் நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடியும், முடிகிற தேதியில் எழுதப்படும். காயல்பட்டினத்தின் பதிவு டிசம்பர் 18 என்று இருப்பதும், 2015 சென்னை மழை டிசம்பர் 2 என்று இருப்பதும் இதனால்தான்.

'லீவு விட்டாலே வெயில் அடிக்கும்' என்ற பள்ளி விடுமுறை கேலிக்கும் பதில் இருக்கிறது. இந்தப் பருவத்தில் கடலோர மழை அதிகம் பெய்வது நள்ளிரவுக்குப் பின், விடியற்காலையில். இரவில் நிலத்தில் இருந்து கடலுக்குப் போகும் காற்று, எதிரே வரும் வடகிழக்குக் காற்றோடு மோதிக் கடல்மேல் மேகம் கட்டுகிறது. அது விடியும் நேரம் கரையேறுகிறது. பத்து மணிக்கு வானம் வெளுத்துவிடும். காலை ஆறு மணி நிலவரத்தைப் பார்த்துக் கலெக்டர் லீவு விடுகிறார், பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

சுழற்சி இல்லாத வாரம்

அறிவிப்பில் 'வறண்ட வானிலை' என்று வந்தால் செய்தி இல்லை என்று தள்ளிவிடுகிறோம். மேகம் இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடும். உள்மாவட்டங்களில் காலைப் பனிமூட்டம், நீலகிரியில் உதகையை ஒட்டிய தாழ்வான புல்வெளிகளில் உறைபனி. தேயிலைக்குக் கருகல் ஆபத்து. டெல்டாவில் சம்பா பயிருக்கு இரவுக் குளிரும் இலைமேல் நெடுநேரம் தங்கும் பனி ஈரமும் சேர்ந்தால் குலைநோய்க்குத் தோதான சூழல்.

அதே 10 செ.மீ., வேறு விளைவு

முன்னறிவிப்பில் வராத ஒரு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஏரி, அணைகளின் மட்டம். அக்டோபரில் பெய்யும் 10 செ.மீ. மழையில் பெரும்பங்கை மண்ணும் காலி ஏரிகளும் குடித்துவிடும். டிசம்பர் முதல் வாரத்தில் மண் ஊறி, ஏரிகள் நிரம்பி நிற்கும். அதே 10 செ.மீ. அப்படியே தெருவுக்கு வரும்.

சென்னையை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3.645 டிஎம்சி. 2015 டிசம்பர் 1 அன்று ஏரி ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பி இருந்தது. அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறக்கப்பட்டது. 2020 நவம்பர் 25-ல் நிவர் புயல் நெருங்கியபோது 22 அடியைத் தொட்டதுமே 1,000 கன அடியில் திறப்பைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு அடியைக் காலியாக வைப்பது கோடைக்கான குடிநீரைக் கடலுக்கு அனுப்புவதும்தான். நான்காம், ஐந்தாம் நாள் கணிப்பில் மழை எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் அந்த முடிவை எடுக்க முடியும். புயலுக்குப் பெயர் வரும்வரை காத்திருந்தால் 22 அடி 24 ஆகிவிடும்.